ஜெரினாவின் அலுவலகம் திறந்துதான் இருக்கிறது

ஜெரினா இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய அலுவலகத்தில்தான் இருந்தேன். போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் உள்ள அந்த இரண்டு அறைகள் எங்கள் வாடிக்கையாளர்களான உங்களில் பலருக்குத் தெரிந்தவை. முற்பகல் நேரம். ஒரு ஸ்கூபா டைவிங் பள்ளியின் இணையதளத்துக்கான வாசகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை மருத்துவமனையிலிருந்து அவருடைய தம்பி அன்வர் கூப்பிட்டார். "அக்கா மவுத்தாயிட்டாங்க சார்" என்றார்.  போனை வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பாதியில் விட்டிருந்த வாக்கியத்தை எழுதி முடித்தேன். அது மரியாதைக் குறைவோ என்று அன்று முழுவதும் மனம் உறுத்தியது. அவர் இருந்திருந்தால், "முடிச்சிட்டீங்கள்ல? அனுப்புங்க சார்" என்றுதான் சொல்லியிருப்பார்.

அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜெரினா என் மகள் வயதுக்காரர், எனக்கு முதலாளி. இணையதளங்களில் எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றபோது, "எனக்கு வேகம் போதாதும்மா. ஒரு பத்திக்கு மூன்று தடவை திருத்துவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பின்னால் ஏமாற்றிவிட்டேன் என்று இருக்கக்கூடாதல்லவா.

"அரே, அதுக்குத்தான் சார் ஆள் தேடுறேன். வேகமா தப்பு செய்றதுக்கு நானே போதும்" என்றார்.

அபர்தீன் பஜாரில் அவருடைய வாப்பாவின் துணிக்கடை. கைலிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டுத்தான் ஜெரினா இணையதளம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். சென்னையில் படித்து, அங்கே நல்ல வேலையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். செயற்கைக்கோள் வழியே இணையம் சொட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு படத்தை ஏற்றிவிட்டு டீ குடித்து வந்தால், பாதிப் படம் ஏறியிருக்கும். "மெயின்லேண்டில் இருந்துகொண்டே செய்யலாமே, தீவு தள்ளி இருக்கிறதே" என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் கேட்டேன்.

"தள்ளி இருக்குன்னு யாரு சார் சொன்னா? நம்ம இங்கதான இருக்கோம். அவங்கதான் தள்ளி இருக்காங்க."

பிறகு கடலடிக் கேபிள் வந்தது. போர்ட் பிளேரில் எல்லோருக்கும் வேகமான இணையம். இனி முகப்பில் வீடியோ ஓடவிடலாம், கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்யலாம் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் துள்ளினார்கள். ஜெரினா எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாராடாங் தீவுக்குப் போகும் படகுத்துறைக்குப் போனார். வண்டிகளைச் சுமந்து செல்லும் படகு அக்கரையிலிருந்து கிளம்பியதும், நாங்கள் செய்த புதிய பக்கத்தை போனில் திறக்கச் சொன்னார். அந்த ஜெட்டியில் சிக்னல் வரும், போகும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படகு வந்து, பலகையை இறக்கி, பஸ்கூட இறங்கிவிட்டது. பக்கம் மட்டும் வரவில்லை.

"கேபிள் போர்ட் பிளேருக்கு வந்துருச்சு. ரூம் தேடிட்டு இந்த ஜெட்டியில நிக்கிறவனுக்கு வந்துருச்சா?" என்றார் ஜெரினா. அன்றிலிருந்து அது எங்கள் அலுவலகச் சட்டமாகிவிட்டது. படகு இந்தக் கரையைத் தொடுவதற்குள் போன் நம்பரும் வழியும் தெரியாத பக்கம் எங்கள் பக்கம் அல்ல. அதனால்தான் எங்கள் பக்கங்கள் பார்க்க எளிமையாக இருக்கும். கேலி செய்தவர்கள் உண்டு. செய்யட்டும்.

அவருடைய பிடிவாதத்தின் முழு அளவை நான் கண்டது, சுற்றுலா நிறுவனம் ஒன்றின் விஷயத்தில். மெயின்லேண்டு நிறுவனம். பெயர் வேண்டாம். எங்கள் வேலையில் பாதி அவர்களுடையது. பாராடாங் பயணத்துக்கான பக்கத்தில், வழியில் காட்டில் வாழும் ஆதிவாசிகளையும் பார்க்கலாம் என்று ஒரு வரியும் ஒரு படமும் போடச் சொன்னார்கள். நான் பயந்த சுபாவக்காரன். இருக்கிற வேலையை இழக்க வேண்டாமே என்று, 'தொன்மையான காட்டின் வழியே ஒரு பயணம்' என்று பூசி மெழுகி ஒரு வரி எழுதிக் காட்டினேன். ஜெரினா படித்துவிட்டுச் சிரித்தார்.

"தமிழ் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அவங்க சொன்ன வேலையத்தான் இதுவும் செய்யுது."

எங்கள் முன்னாலேயே அந்த நிறுவனத்தின் மேலாளரை போனில் கூப்பிட்டார். "எல்லா சைட்லயும் இருக்கே மேடம்" என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அப்ப அந்த எல்லாரையும் கூப்பிட்டு உங்க சைட்டச் செய்யச் சொல்லுங்க. மனுசங்களப் பாக்கிறதுக்கு டிக்கெட் போடுற வேலை என் மேசையில நடக்காது."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"மாட்டேன்" என்று சொல்லி போனை வைத்தார். "சலோ, வேலையப் பாப்போம்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பார்க்க வேலை அதிகம் மிஞ்சவில்லை. இரண்டு பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் போனார்கள். அலுவலகம் மூடப்போகிறது என்று பஜாரில் பேச்சு. ஜெரினா கப்பலிலும் படகிலும் ஏறி, தீவு தீவாகப் போய், அதுவரை இணையதளமே இல்லாத சின்னச் சின்ன இடங்களைத் தேடிப் பிடித்தார். நிறுவனம் வளர்ந்தது அப்படித்தான், உங்களால்தான்.

லாங் ஐலண்டில் ஹோம்ஸ்டே நடத்தும் மாரிமுத்து அண்ணன் அப்படி வந்தவர். அவருடைய முகப்புப் பக்கத்தில், 'கடல் மோசமானால் படகு வராமலும் போகலாம். அப்படியானால் மறுநாள் வரை இங்கேயே தங்கலாம், சாப்பாடு உண்டு' என்று ஜெரினா என்னை எழுத வைத்தார். மாரிமுத்துவின் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பேச்சு அவரிடம் மாறவே இல்லை.

"என்னா தாயி இது, கடைய தொறக்க முன்னுக்கே கதவ சாத்துறியே!" என்றார்.

"படகு ஒங்க வீட்டுதா அண்ணே? வராதுன்னா வராதுன்னு சொல்லணும். வர்ற ஆளு தெரிஞ்சிட்டு வரட்டும்."

அந்தப் பருவத்தில் ஒரு தம்பதி அங்கே மாட்டிக்கொண்டார்கள். சண்டை போடவில்லை, எழுதியிருந்ததே என்று சொல்லி, மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்களாம். மாரிமுத்து போன் செய்து, "தாயி, அந்த வரிய இன்னுங்கொஞ்சம் பெருசா போட ஏலாதா?" என்று கேட்டார்.

ஜெரினாவை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு, அதே சுற்றுலா நிறுவனத்தின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்தார். பின், அக்காவின் நிறுவனத்தை அப்படியே தாங்கள் எடுத்துக்கொள்வதாக அன்வரிடம் சொன்னார். இத்தனை தீவுகளின் இத்தனை பக்கங்களும் அவர்கள் கைக்குப் போனால் அவற்றில் எந்த வரி இருக்கும், எந்த வரி போய்விடும் என்று எனக்குத் தெரியும். அன்வர் துணிக்கடைக்காரர். அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு இந்த வேலை தெரியாது சார். ஒங்களுக்கும் வயசாச்சு. குடுத்துரலாமா?"

வந்தவர் என் பக்கம் திரும்பினார். "எல்லா சைட்டோட பாஸ்வேர்டும் உங்ககிட்டதானே இருக்கும்?"

"இல்லை" என்றேன். உண்மையிலேயே இல்லை. இந்தத் தொழிலில் பலரும் வாடிக்கையாளரின் இணையதளப் பெயரைத் தங்கள் பெயரில் பதிந்து, பாஸ்வேர்டு என்ற சாவியைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். பிறகு அந்த வாடிக்கையாளர் எங்கும் போக முடியாது. ஜெரினா ஒவ்வொன்றையும் உரியவர் பெயரிலேயே பதிந்தார். வேலை முடிந்ததும் அவர்களையே உட்காரவைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு, தான் திரும்பிக்கொள்வார். "பிடிச்சா வரட்டும். கட்டி வைக்க அவங்க ஆடா மாடா?" என்பார்.

"அப்ப இந்தக் கம்பெனியில என்னதான் இருக்கு?" என்று வந்தவர் கேட்டார்.

"வேலை இருக்கிறது" என்றேன். "அன்வர், கொடுக்க வேண்டாம். நானும் அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பெண்களும் நடத்துகிறோம். முடியாவிட்டால் நாங்களே மூடுகிறோம். இவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்."

அன்வர் டீத் தம்ளரை நகர்த்தி வைத்தார். பிறகு வந்தவரிடம், "பாய், டீ ஆறுது, குடிங்க. விக்கிறதா இல்ல" என்றார்.

அந்த நிறுவனம் இப்போது உங்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறது. உங்கள் சாவி உங்களிடம் இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்த உரிமையை உங்களுக்கு விட்டுப்போனவர் ஜெரினா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் கெஞ்ச மாட்டேன். அவரும் கெஞ்சியதில்லை.

இந்த அலுவலகத்தை எத்தனை நாள் நடத்துவேன் என்று எனக்கே சந்தேகம்தான். என் கண்ணும் கையும் மெதுவானவை. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது: காரணம் அடுக்காமல், மன்னிப்புக் கேட்காமல் 'மாட்டேன்' என்று சொல்வது. வாழ்நாள் முழுவதும் எனக்கு வராத சொல் அது. நேற்று அந்த மேலாளர் என்னையும் கூப்பிட்டார், நல்ல வேலை தருவதாக. சொன்னேன். குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கினாலும் அது 'மாட்டேன்'தான்.