தலையணையில் வெள்ளைத் தூள்

இன்று காலை என் தலையணையில் வெள்ளையாகத் தூள். பள்ளிக்கூட அவசரத்தில் மகள் கொட்டிய பவுடர்தான். ஆனாலும் நான் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். மனைவி சிரித்தாள். உங்களுக்கும் சிரிப்பு வரலாம், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஓரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுங்குவார்சத்திரத்தில் ஒரு பழைய வீட்டில் தங்கியிருந்தேன். யாரோ ஒரு நெல் வியாபாரி கட்டியது. கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தேக்குத் தூண்கள். உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பேரன் காலத்தில் கூடத்தைப் பிளைவுட்டால் தடுத்து, முற்றத்துக்குத் தகரம் போட்டு, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நெல் மூட்டைகளுக்காவது அங்கே காற்று கிடைத்திருக்கும்.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரன் இரவில் படுப்பான், நைட் ஷிப்டுக்காரன் பகலில். கட்டில் சூடு ஆறவே ஆறாது. என் கட்டிலின் பங்காளி முருகேசன், சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அவன் வர, நான் கிளம்ப, வாசலில்தான் பேச்சு.

"இன்னாடா, பொண்ணு பாக்கவா போற? தலகாணி பூரா பவுடரு கீது."

"ஏலே, நான் பவுடரே பூசுறதில்ல. பூசுறது நீ, பழி எம்மேலயா?"

தினமும் இதே வம்பு. அவனை நான் நம்பவில்லை, என்னை அவன் நம்பவில்லை.

குளிக்கத் தண்ணீர் பற்றவில்லை என்று வீட்டுக்காரர் மாடியில் இன்னொரு டாங்க் ஏற்றினார். தாங்குமா என்று யாரோ கேட்டதற்கு, "தாத்தா கட்ன வூடுப்பா, ஒரு டாங்குக்கா வுயுந்துடும்?" என்றார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம், முருகேசனுக்கு நைட் ஷிப்ட். பகலில் நான் லைனில் நிற்கையில் சூப்பர்வைசர் வந்து, "உன் ரூமு இடிஞ்சிச்சாம்பா, ஓடு" என்றார். போனபோது தூண்கள் நின்றிருந்தன. கூரை கட்டிலின் மேல் கிடந்தது. தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்கள். அதை நம்பத்தான் எனக்கும் ஆசை.

மறுநாள் அவன் அப்பா வந்தார். ஆணியில் தொங்கிய அவன் பையை எடுத்துத் துழாவினேன். யூனிபார்ம், தேங்காய் எண்ணெய், சீப்பு. பவுடர் டப்பா இல்லை.

"என்னத்தப்பா தேடுத?" என்றார். அழுதுவிட்டேன்.

தூண்களை ஏதோ ரிசார்ட்டுக்கு வாங்கிப் போனார்கள். கீறல்கூட விழாத டாங்க் எதிர் டீக்கடை மேல் ஏறிவிட்டது. வீடு இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. கட்டில் எங்கே கிடந்தது என்று இப்போது சொல்ல முடியாது. பூசவில்லை என்று அவன் சொன்னதை ஒரு நாளாவது நம்பியிருந்தால், அன்றே அண்ணாந்து பார்த்திருப்பேன்.