கதவடியில் சாக்கு

குளிர்காலத்தில் என் பெண் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினால் நான் போய் ஜன்னலைத் திறந்து வைப்பேன். அம்மாவுக்குப் பைத்தியம் என்பாள். இருக்கட்டும்.

அப்போது வடக்கே இருந்தோம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மாடியில் ஒரு நாகர்கோவில் குடும்பம் இருந்தது. எனக்கு ஒன்பது வயதானபோது அவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார்கள். பத்து நாள் அவர்கள் நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பழுப்பு நிறம், குட்டைக் கால், பெயர் ராணி. டாக்ஸியில் ஏறுமுன் மாடி ஆன்ட்டி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "கேக்கு கீக்கு குடுத்துராத மக்ளே. குளிருதான் அவளுக்கு ஆகாது, கேட்டியா?" என்றார்.

அம்மா நாயை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. பின்முற்றத்தில் பழைய டிரங்குப் பெட்டிகள் கிடந்த சின்ன அறைதான் ராணிக்கு.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் தாண்டியும் பனிமூட்டம் விலகவில்லை. எதிர் வரிசை வீடுகளைக் காணோம். முற்றத்துக் கொடியில் தொங்கிய துணிகள், யாரோ நின்று எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தன. ராணி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வாளிபோல் பிடி வைத்த அங்கீட்டி என்ற கணப்பு அடுப்பில் அப்பா தினமும் கரியை மூட்டி, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுவருவார். அப்போதும் ஒரு ஜன்னலைச் சாத்த விடமாட்டார். அது குளிரை உள்ளே விடுகிற அசட்டுத்தனம் என்பது என் எண்ணம். அன்று அவர் கரியை மூட்டிவிட்டு யாருக்கோ வாழ்த்துச் சொல்லப் போயிருந்தார். அம்மா பஞ்சு ரஜாயைப் போர்த்திப் படுத்திருந்தாள். நான் பிடியில் துணியைச் சுற்றி அங்கீட்டியைத் தூக்கி அந்த அறைக்குள் வைத்தேன்.

ராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பெட்டிமேல் ஏறி, காற்றுக்கு விட்டிருந்த துவாரத்தைக் காகிதத்தால் அடைத்தேன். கதவடியில் சாக்கைத் திணித்தேன். அவள் கங்கின் பக்கமே போகாமல் கதவடியில் மூக்கை வைத்துச் சாக்கைப் பல்லால் இழுத்தாள். திரும்ப அடைத்தேன். மறுபடியும் இழுத்தாள். "அசடே, குளிரும்" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டி அடைத்தேன். அதற்குப்பின் இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் சத்தமே இல்லை. எனக்குத் தலை கனத்தது. அவள் பக்கத்தில் படுத்துவிடலாம் போல இதமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். "பால் பூத்ல கியூ நீண்டுடும். பாட்டில எடுத்துண்டு ஜல்தி போ." வெளியே வந்து கதவைச் சாத்தி, சாக்கைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனேன்.

பாலோடு திரும்பியபோது ராணி காலை நீட்டிப் படுத்திருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. ஈறும் நாக்கும் ரோஜா நிறத்தில் இருந்தன. அவளை அவ்வளவு ஆரோக்கியமாக நான் பார்த்ததே இல்லை. எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டு, அவள் சுகமாகத் தூங்குவதாக அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அப்பா வந்து அந்தக் கதவைத் திறந்தார். என்னைத் திட்டவில்லை. பனிக்கு நடுவில் நிறுத்தி, மூச்சை இழுத்து விடு, இன்னும் இழு, இன்னும் இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைத் தன்னோடு இறுக்கி அணைத்துக்கொண்டார். அவருக்கும் குளிர்கிறது என்று நினைத்தேன்.

மாடி வீட்டார் திரும்பி வந்ததும், "குளிர் தாங்கலைம்மா" என்று மட்டும் அப்பா சொன்னார். "நீ என்ன மக்ளே செய்வ" என்று ஆன்ட்டி அழுதுகொண்டே என் தலையைத் தடவினார்.

மூடிய அறையில் புகையில்லாத கங்கு எப்படிக் கொல்லும் என்பதைக் கல்லூரியில் வேதியியல் பாடத்தில் கேட்டபோது, நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதுவரை அப்பா சொன்னதைத்தான் நம்பியிருந்தேன். அந்தச் சாக்கை இன்னும் இறுக்கமாக அடைத்திருக்க வேண்டும் என்று, அத்தனை வருடமும் வருந்திக்கொண்டிருந்தேன்.