பல்லுள்ள ரம்பை

இன்று ஜெர்மனியின் எசன் நகரில் ஓர் அக்கா வீட்டில் விருந்து. எந்த அக்கா என்று கேட்காதீர்கள்.

பால்கனித் தொட்டியில் நீளநீளமாகப் புல் போன்ற இலைகள்.

"ரம்பை. இண்டைக்குக் கறிக்கும் வாசத்துக்குப் போட்டனான்" என்றார் அக்கா பெருமையாக.

செடிப் பைத்தியமான நான் சும்மா இருப்பேனா? கசக்கி முகர்ந்தேன், வாசமே இல்லை. ரம்பை இலை கூராக முடியும்; இதன் நுனியோ எலி கடித்ததுபோல் பல்லுப்பல்லாக இருந்தது. பூத்தண்டு வேறு முள்ளாய்க் குத்தியது.

"அக்கா, இது ரம்பையில்லை, லொமாண்ட்ரா. அவுஸ்திரேலியாப் புல்லுச் செடி."

"ஐயோ, நஞ்சோ?"

"இல்லை, பயப்பிடாதேங்கோ."

"அப்ப ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த அண்ணை சொன்னார்: "ரம்பை வாசம் படியிலையே வந்திட்டுது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் கறி கேட்டேன். உண்மையிலேயே நல்ல கறி.

உங்கள் வீட்டு ரம்பையின் நுனியையும் ஒருமுறை பாருங்கள். பல் இருந்தால் இங்கே எழுதுங்கள். விருந்தாளிகளுக்கு மட்டும் வேண்டாம்.