அம்பாளுக்குப் போன ஆர்க்கிட்

சென்னைக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது வெயிலும் கூட்டமும் அல்ல, விடியற்காலைப் பூத்திருட்டு. திருட்டு என்று சொன்னால் மயிலாப்பூரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐந்தரை மணிக்கு வாக்கிங் கிளம்பும் பெரியவர்கள் ஒரு கையில் பிளாஸ்டிக் பையும் மறு கையில் முனை வளைந்த குச்சியுமாகப் போவார்கள். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது நந்தியாவட்டையோ செம்பருத்தியோ, குச்சியால் வளைத்துப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். பால் பாக்கெட் எடுக்க வீட்டுக்காரரே வெளியே வந்தாலும் யாரும் ஓடுவதில்லை. "பூஜைக்கு சார்" என்பார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். மலேசியாவில், எங்கள் தைப்பிங்கில், அடுத்தவர் செடியில் கை வைத்தால் நாய்க்கு முன்னால் வீட்டுக்காரி குரைப்பாள்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் இந்த ஊர்க்காரர், வங்கியில் வேலை. மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். மொட்டைமாடி எங்கள் இருவருக்கும் பொது. கல்யாணப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஓர் ஆர்க்கிட் செடியை ஒளித்து வைத்துக் கொண்டுவந்தேன். தப்பு என்று தெரியும். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் தட்டியபோது எனக்கு வியர்த்தது. நகைதான் கடத்துகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

அது அப்பாவின் செடி. அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு அவருக்குப் பேச்சுத்துணை ரம்புத்தான் மரத்தடியில் தொங்கும் ஆர்க்கிட்டுகள்தான். தைப்பிங்கில் பிற்பகல் ஆனால் மழை வந்துவிடும். அப்பா கையில் தேநீரோடு, நனையும் செடிகளைப் பார்த்தபடி நிற்பார். பூவைச் செடியிலிருந்து பிரிப்பது மட்டும் அவருக்கு ஆகாது. சாமிக்கு வேண்டுமானால் அம்மாவே ஆனாலும் சந்தையில்தான் பூ வாங்கி வரவேண்டும். சின்ன வயதில் நான் ஒரே ஒரு பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பார்க்க ஆசையாக இருந்தால் கண்ணைச் செடியிடம் கொண்டு போ, செடியைக் கண்ணிடம் கொண்டு வராதே என்பார். சென்னைக்குக் கிளம்பும்போது அவரே அந்தச் செடியைப் பிரித்துக் கொடுத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மழையிலே பிறந்த செடியை இந்த ஊரில் காப்பாற்றுவது சாதாரண வேலையில்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தெருவே வண்ண வண்ணக் குடங்களோடு வரிசையில் நிற்கும். நான் அரிசி கழுவிய தண்ணீரை ஆறவைத்து ஊற்றினேன், என் குளியலில் இரண்டு சொம்பு குறைத்தேன், சில நாள் கணவரின் குளியலிலும் அவருக்குத் தெரியாமல் குறைத்தேன். ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது. தேங்காய் மட்டையும் கரித்துண்டும் வேண்டும். கரிக்காகத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் நின்றேன்.

"கரியா? இன்னாத்துக்கும்மா?"

"செடிக்குங்க. தொட்டியில போடணும்."

"மண்ணுல வெக்காம கரியிலயா வெப்பே? இன்னா செடிம்மா அது, ஊர்ல இல்லாத செடியா கீது?"

ஆமாம், ஊரில் இல்லாத செடிதான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சூடு ஆறிய கரியாகப் பொறுக்கிக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கரி துன்ற செடி நல்லா கீதா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

செடிப் பைத்தியம் ஒன்றோடு நிற்காது என்பது செடி வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மூன்று சக்கர வண்டியில் ரோஜாத் தொட்டிகள் தெருவுக்குள் வந்தால் என் கால் தானாகப் படியிறங்கும். மொட்டும் பூவுமாக மினுக்கும் அந்த ரோஜா, நம் வீட்டுக்கு வந்த மாதமே குச்சியாகிவிடும். தெரிந்தே ஏமாந்தேன், ஒரு தடவை அல்ல. அடையாறில் ஒரு நர்சரிக்குக் குரோட்டன்ஸ் பார்க்க மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆட்டோ நிறையத் தொட்டிகளோடு திரும்பியிருக்கிறேன். ஆனால் எத்தனை வாங்கினாலும் காலையில் கண் முதலில் தேடுவது அந்த ஆர்க்கிட்டைத்தான். இலை விட்டது, வேர் விட்டது, பூக்க மட்டும் இல்லை. அப்படியே மூன்று வருடம் ஓடியது.

அப்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "செடி அங்கே பூத்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. கண் இருக்கும்போதே பார்த்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன். துணி உலர்த்த வந்த மாமி பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டார். அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். படம் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் நுனிக் கணுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது. மொட்டுகளை நான் தினமும் எண்ணினேன். ஒரு வியாழக்கிழமை கடைசி மொட்டும் விரிந்து, கத்தரிப்பூ நிறத்தில் ஏழு பூ வரிசையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு நண்பரிடம் கேமரா கேட்டிருப்பதாகக் கணவர் சொன்னார். மறுநாள் காலை மாடிக்குப் போனேன். செடி இருந்தது. கொத்து இல்லை.

எனக்கு முன்கோபம் அதிகம். படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கீழே பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்பாள் படத்தின் மேல், குங்குமப் பொட்டுக்கு அருகே, என் ஏழு பூவும் சாய்ந்திருந்தன.

"மாமி, என்னைக் கேக்காம எப்படி நீங்க..." என்று தொடங்கிவிட்டேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

மாமி மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "வா, சரோஜா. உன்னைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படிப் பூத்துண்டு நிக்கறதேன்னு பறிச்சுண்டு வந்தேன். உங்கப்பா கண்ணுக்காக வேண்டிண்டுதான் வெச்சிருக்கேன். அவர் பேர் தெரியலை, சரோஜாவோட அப்பான்னே அம்பாள்கிட்டச் சொல்லிட்டேன். அவ பாத்துப்பா."

நான் வாசற்படியிலேயே நின்றேன். திட்டுவதற்காகத் திறந்த வாயால் அப்பாவின் பெயரைச் சொன்னேன். மாமி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கணவர் கேமராவை வாங்கி வந்தார். மாமியின் பூஜை அறை வாசலில் நின்று படம் எடுத்தோம். கழுவி வந்த படத்தில் விளக்கு, அம்பாள், ஏழு பூ எல்லாம் விழுந்திருந்தன. செடி மட்டும் இல்லை. அதை உறையில் வைத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. மாமி பறித்துவிட்டார் என்று எழுதினால் அப்பா மாமியை மன்னிக்கமாட்டார். தன் மகளின் பொருளில் எவர் வேண்டுமானாலும் கை வைக்கும் ஊர் என்று மனம் நோவார். மாமியை அவருக்குப் புரியவைக்க எனக்கு எத்தனை கடிதம் வேண்டும்? கடைசியில், "நானேதான் பறித்து உங்கள் கண்ணுக்காகச் சாமிக்கு வைத்தேன்" என்று எழுதி ஒட்டினேன். தபால்பெட்டியில் போட்ட கணத்திலிருந்து பயந்தேன். அவர் திட்டி எழுதுவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாவின் ஏரோகிராம் கடிதம் வந்தது. எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கி ஓடியிருந்தது.

"படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இங்கே பூத்ததைவிட நிறம் அடர்த்தி. அந்த ஊர் வெயில் அதற்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. காம்பைக் கையால் திருகியிருக்கிறாய். இனிமேல் பறிப்பதானால் கணுவுக்குச் சற்று மேலே, கத்தியால் சாய்வாக வெட்டு. நேராக இருந்தால் தண்ணீர் தங்கி அழுகும்."

ஒரு பூவைக் கிள்ளியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், பறிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருந்தார். மறுபடி மறுபடி படித்தேன். எங்கேயும் கோபம் இல்லை. இனி அது அவர் வீட்டுச் செடி இல்லை, நானும் அவர் வீட்டுப் பெண் இல்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே தைப்பிங்குக்கு ஓடிப்போய் அவர் முன்னால் நிற்கவேண்டும் போல இருந்தது.

காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். மாமி திருகிய இடத்தில் காம்பு பாதி காய்ந்து நார் நாராக நின்றது. கணுவை விரலால் தடவிப் பார்த்து, அதற்குச் சற்று மேலே, அப்பா சொன்னபடி சாய்வாக வெட்டினேன். நானேதான் என்று அவருக்கு எழுதிய பொய், அன்றைக்கு என் கையாலேயே உண்மையாயிற்று.