பூட்டு உடைத்த பிரதி

கிளிநொச்சியில் குகதாசனுடைய கடைக்கு ஒரு பெயர்ப் பலகை இருந்தாலும் சனம் அதை டிஸ்க் கடை என்றுதான் சொல்லும். ஒரு காலத்தில் படங்களை வாடகைக்குக் கொடுத்தவர். எல்லோருடைய போனிலும் படம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வேலை நின்றுபோனது. அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, போட்டோக்கொப்பி அடிப்பது, பழுதாகப் போகும் டிஸ்க்குகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என்று கடை ஓடிக்கொண்டிருந்தது. கீறல் விழுந்த கலியாண டிஸ்க்கைக்கூட ஐந்தாறு தரம் துடைத்து ஓடவிட்டு எப்படியாவது காப்பாற்றிவிடுவார். யார் வீட்டுக் கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியில் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தான் 2018 ஆவணியில் நிசாந்தினி அவரிடம் வந்தாள்.

அவள் வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. தகப்பன் மூக்கன் சின்ன வயதில் மலையகத் தோட்டமொன்றில் இருந்து வந்து குடியேறியவர். மூன்று வருசமாக, விடுமுறை நாட்களில், சித்தப்பாவின் மகன் சஜீவனைக் கமராக்காரனாக வைத்துக்கொண்டு அவள் ஒன்றேகால் மணித்தியாலப் படம் ஒன்றை எடுத்திருந்தாள். இரணைமடுவில் மீன் பிடிக்கும் ஒருவரின் கதை. அந்த மீன்பிடிக்காரராக நடித்ததும் மூக்கன்தான். பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுக் கொழும்பில் இருநூறு டிஸ்க் அடிப்பித்திருந்தாள். ஐப்பசியில் இருந்து பத்து ஊர்களின் பொது மண்டபங்களில் திரை கட்டிக் காட்டுவது என்று ஏற்பாடு. அதற்குள் படத்தைத் தொகுத்த கணினி செத்துப்போனது.

"அண்ணை, இனி இந்த டிஸ்க் மட்டும்தான் இருக்கு. இதுகளும் பூஞ்சணம் பிடிச்சா படமே இல்லை. எங்கயாவது பத்திரமா ஏத்தி வைக்கேலுமோ?"

"ரெண்டு விதமா எடுக்கலாம் பிள்ளை. டிஸ்க்கில இருக்கிறதை அப்பிடியே, பூட்டோடயே, ஒரே பைலா எடுத்து வைக்கலாம். அது ஆரின்ர கையில போனாலும் சும்மா போட்டுப் பாக்கேலாது. இல்லாட்டி பூட்டை உடைச்சு எடுக்கலாம். அது எதிலயும் ஓடும். ஆரும் கொப்பி பண்ணலாம்."

"பூட்டோடயே இருக்கட்டும். மண்டபத்தில காட்டுறதுக்கு முதல் ஒருத்தரும் பாக்கக்கூடாது."

"ஓம், விளங்குது."

சொன்னபடியே பூட்டோடு ஒரு பிரதி எடுத்தார். அது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? சோதிப்பதற்காக என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பூட்டை உடைத்து இன்னொன்றும் எடுத்தார். சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். குகதாசன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு முழுப் படத்தையும் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, கிழிந்த வலையோடு மூக்கன் சண்டை பிடிக்கும் இடத்தில் தனியே இருந்து சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கண் கலங்கியது. அடுத்த நாள் மனைவி விமலேஸ்வரியையும் கூட்டிவந்து காட்டினார். பிறகு அழித்துவிடலாம் என்று விட்டார். அழிக்கவில்லை.

விமலேஸ்வரியின் தம்பி சுஜிதன் முல்லைத்தீவுக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நடத்துநர். ஒருநாள் பென் டிரைவோடு வந்தான்.

"அத்தான், பஸ்ஸில ஒரே படத்தையே போடுறன் எண்டு சனம் பேசுது. வேற ஏதும் இருந்தா ஏத்தித் தாங்கோ."

குகதாசன் ஒரு தொகுதியைத் தெரிவு செய்தார். அதற்குள் நிசாந்தினியின் படமும் இருந்தது. கண்டார். நீக்க ஒரு விநாடி போதும். இதை நாலு சனம் பார்த்தால் என்ன என்று நினைத்தார். தான் சிரித்த இடத்தில் மற்றவர்களும் சிரித்தார்களாம் என்று கேட்கும் ஆசையும் உள்ளே இருந்தது. ஏற்றிக் கொடுத்தார்.

இரண்டு கிழமைக்குள் படம் பஸ் பஸ்ஸாக ஓடியது. பிறகு போன் போனாகப் போனது. நிசாந்தினி முதல் ஊரில் நூற்றைம்பது கதிரை போட்டு வைத்திருக்க, வந்தது பதினான்கு பேர். அவர்களில் ஒரு பெண் அவளைப் பாராட்டினாள்: "நாங்கள் பஸ்ஸிலயே பாத்திட்டம் பிள்ளை. நல்ல வடிவான படம்."

அடுத்த நாள் காலை கடை திறந்தவுடனே நிசாந்தினி வந்து நின்றாள்.

"டிஸ்க் பெட்டி என்ர வீட்டிலதான் இருந்தது அண்ணை. வெளியில போனது ரெண்டே ரெண்டு. ஒண்டு உங்களிட்ட, ஒண்டு சஜீவனிட்ட. உங்களை நான் நினைக்கவே இல்லை. அப்ப இவனோ?"

குகதாசன் போட்டோக்கொப்பித் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தெரியாது பிள்ளை. இளம் பெடியள்தானே."

இரண்டே வசனம். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மற்ற ஒன்பது ஊர்க் காட்சிகளும் நின்றன. சஜீவனும் அவளும் பேச்சை விட்டார்கள். அடுத்த படத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து கதை எழுதிய நோட்டுக் கொப்பியை அவள் அவன் வீட்டுப் படலையில் செருகிவிட்டுப் போனாளாம். இதைக் கேட்ட அன்றே குகதாசன் சுஜிதனைப் பிடித்து, "அந்தப் படத்தை அழி" என்றார். "நான் அழிச்சா என்ன அத்தான், எல்லாரிட்டயும் இருக்கே" என்றான் அவன். அது உண்மைதான். பஸ் நிலையத்தில் ஒவ்வொரு சாரதியாகப் போய்க் கேட்டுப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள்.

தை மாதம் சஜீவன் கடைக்கு வந்தான். கையில் ஒரு டிஸ்க். மேலுறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

"அண்ணை, அக்கா தந்தபடியே இருக்கு. நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள். இது திறந்ததோ இல்லையோ எண்டு பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அவா நம்புவா."

குகதாசன் அதைக் கையில் வாங்கவில்லை. கதிரையில் இருந்து எழும்பினார்.

"வா. போய்ச் சொல்லுவம்."

முன்பள்ளி விட்டுப் பிள்ளைகள் போயிருந்தார்கள். சஜீவனைக் கண்டதும் நிசாந்தினியின் முகம் இறுகியது. குகதாசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூட்டை உடைத்தது, பார்த்தது, பென் டிரைவில் கண்டும் நீக்காமல் விட்டது.

"அண்டைக்கு நான் வந்து கேக்கேக்க?" என்றாள் நிசாந்தினி.

"அப்பவும் தெரியும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"படத்தைக் குடுத்ததைக் கூட நான் விடுவன். செய்யாத வேலைக்கு இவனைக் காட்டிக் குடுத்தியளே. மூண்டு மாசம் நான் இவனோட கதைக்கேல்லை."

மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். பூட்டு உடைத்த பிரதியை அவள் கண்முன்னே அழித்தார். பூட்டோடு எடுத்ததை ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடைய கணினியில் இருந்து அதையும் அழித்தார். அவள் வாங்கிக்கொண்டு சஜீவனின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள். அதன் பிறகு அந்தக் கடைப் படி ஏறவில்லை. இரண்டு பேரும் திரும்பச் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டார்.

பங்குனியில் மூக்கன் அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தார். குகதாசன் செய்ததைப் பற்றி மகள் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"தம்பி, ஒரு கத கேளுங்க. முந்தாநாள் பஸ்ஸுல ஒரே நெருக்கடி. ஒரு அம்மா என்னயப் பார்த்துட்டு, இவருதான் அந்த வலைக்காரருன்னு சொல்லி எந்திரிச்சு எடம் குடுத்துச்சு. கடைசி வரைக்கும் ஒக்காந்தே போனேன். இத்தன வருசத்துல நமக்கு யாரு எந்திரிச்சாங்க?"

குகதாசனுக்குச் சிரிக்க வரவில்லை. அந்தக் கிழவரின் சந்தோசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கெடுக்கவும் முடியவில்லை, கேட்டு மகிழவும் முடியவில்லை.

"முகத்தை நேர வையுங்கோ ஐயா. சிரிக்கக்கூடாது" என்றார்.

மூக்கனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் படம் கலங்கிப்போனது. இன்னொன்று எடுத்தார்.