கொதிகலனை அணைக்கச் சொன்னவள்

பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பாள். "மேற்க ஒண்ணு கருத்துக்கிட்டு நிக்குது" என்று முனகிக்கொண்டே திரும்பி வருவாள். "மேகத்துக்கு உன்னை விட்டா வேற வேலையே இல்லையாம்மா?" என்று மகள் கேட்டால் சிரிப்பாள், கண் மட்டும் ஜன்னலிலேயே இருக்கும்.

உத்தியோகம் அப்படி. நகரத்துக்கு எந்த நேரத்தில் எங்கிருந்து மின்சாரம் எடுப்பது என்று முடிவுசெய்யும் கட்டுப்பாட்டு அறையில் அவள் ஷிப்ட் பொறுப்பாளர். சுவர் முழுக்கத் திரை. வெயில் ஏறினால் சோலார் கோடு நிமிரும். மேகம் மறைத்தால் தொப்பென்று விழும். விழுந்தால் அந்தக் கணமே அனல்மின் நிலையத்துக்குப் போன் போட்டாக வேண்டும். நாற்காலி அவளுக்குக் கைப்பை வைக்கத்தான். ஒரு செருப்பு எங்கோ கிடக்க, பேனா மூடியைக் கடித்தபடி திரைக்கு முன்னால் உலாத்திக்கொண்டேயிருப்பாள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் 'வானிலை அக்கா'.

திரையின் ஓரத்தில் ஓர் எண் உண்டு: நகரம் செலவழிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்ற கணக்கு. அதைக் கவனிப்பது அவள் வேலையில் சேராது. ஆனாலும் "எறங்கு கண்ணு, எறங்கு" என்று, மேசைமேல் ஏறிய பிள்ளையைக் கெஞ்சுவதுபோல் அதைக் கெஞ்சுவாள்.

எண் இறங்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே நிற்கும் அனல்மின் நிலையம் தணிய வேண்டும். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய கணவர். பேசுவதெல்லாம் பதிவாகும் போன் என்பதால், அதில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி இல்லை.

"சார், லோடைக் குறைங்க."

"இப்பத்தானே மேடம் ஏத்தச் சொன்னீங்க? இது பாய்லரு. நெனச்சா ஏத்த, நெனச்சா எறக்க, வீட்டு அடுப்பா?"

"வெயில் அடிக்குது சார்."

"எங்க தலையிலயுந்தான் அடிக்குது மேடம்."

இந்தச் சண்டை வீட்டுப் படியேறாது. வீட்டில் குழாய் ஒழுகுவதைப் பேசுவார்கள், மகளின் பரீட்சையைப் பேசுவார்கள். அந்த நிலையத்தை என்றைக்கு மூடப் போகிறார்கள், அப்புறம் அவர் வேலை என்னாகும் என்று மட்டும் இருவரும் வாயே திறந்ததில்லை.

போன வாரம் ஒரு மதியம், வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. காற்றாலைகளும் சுழன்று தள்ளின. மின்சாரம் மிஞ்சியது. அனல்மின் நிலையத்தை அடியோடு நிறுத்தினால்தான் சரிப்படும். ஆனால் கொதிகலன் ஆறிப்போனால் மறுபடி சூடேற வெகுநேரம் பிடிக்கும். சாயங்காலம் ஊர் வீடு திரும்பி விளக்குப் போடும் வேளையில் பகல் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பேட்டரியும் அணைக்கட்டின் நீர்மின்சாரமும் கைவிட்டுவிட்டால் பாதி நகரம் இருட்டு. பழி அவள் தலையில். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"சார்... முழுசா நிறுத்திடுங்க."

எதிர்முனையில் கொதிகலன் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் வந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றியா?" மேடம் காணாமல் போயிருந்தாள்.

"யோசிச்சுத்தாங்க சொல்றேன்."

பொழுது சாய்ந்தது. தெருத்தெருவாக விளக்குகள் எரியத் தொடங்கின. சோலார் கோடு படுத்தது, பேட்டரிக் கோடு எழுந்தது, அணைக்கட்டும் தோள்கொடுத்தது. நடுவில் எல்லாம் ஒருதரம் தள்ளாடியபோது அவள் கை போனுக்குப் போனது. பிறகு நிலைத்தது. ஓரத்து எண் அவள் அதுவரை பார்த்திராத அளவுக்கு இறங்கியிருந்தது. அப்போதும் அவள் உட்காரவில்லை. அடுத்த ஷிப்டுக்காரர் வந்து, "அக்கா, நீங்க நடந்தா கரண்ட் கூடுமா? கெளம்புங்க" என்று விரட்ட வேண்டியிருந்தது.

வெளிவாசலில் ஸ்கூட்டரோடு கணவர் நின்றிருந்தார். அவளை அழைத்துப் போக அவர் ஒருநாளும் வந்ததில்லை.

"அங்க ஒரு சத்தம் இல்ல. நம்ம மூச்சு நமக்கே கேக்குது" என்றார். "மறுபடி எப்ப ஏத்தணும்?"

"தெரியலைங்க."

அவர் ஹெல்மெட் வாரை மாட்டப் பார்த்தார். கொக்கி நழுவிக்கொண்டே இருந்தது. அவள் அவர் கையை மெல்ல விலக்கி, தாடைக்கடியில் வாரை மாட்டிவிட்டாள். சாவியை வாங்கிக்கொண்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.