கோணாமலை அண்ணையின் விலகல் கடிதம்

கோணாமலை அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் திருகோணமலைத் துறைமுகத்தில் வேறு கண்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் கம்பனியின் இழுவைப் படகில் கயிறு பிடிக்கிறவர். எத்தனை மாடி உயரக் கப்பல் வந்தாலும் அசையமாட்டார். கட்டாரில் வேலை சரிவந்ததும் அந்த மனுசன் ஒரு வெள்ளைத்தாளைக் கண்டு நடுங்கினார். விலகல் கடிதம் இங்கிலீசில் கொடுக்கவேண்டும். அதைத் தட்டச்சு செய்கிறவள் நான். விலகியவரைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கம்பனிச் சட்டம். ஐம்பத்திரண்டு வயதில், கட்டார் சரிவராவிட்டால் எங்கே போவது என்ற பயம் அவருக்கு.

"'லீவிங்' எண்டு போடட்டா, அண்ணை?"

"அதுக்கு என்ன கருத்து, பிள்ளை?"

"விட்டிட்டுப் போறது."

"ஐயோ, நான் ஆரை விட்டனான்?"

'டிபார்ட்' மரியாதையான சொல், கப்பல் நேர அட்டவணையில் வரும் என்றேன். செத்தவர்களுக்கும் அதைத்தான் போடுவார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். 'குவிட்' கோபித்துக்கொண்டு போகிறவனுடைய சொல். 'செட் ஒஃப்' பயணம் வெளிக்கிடுகிறவனுக்கு நல்ல சொல்தான், ஆனால் வேலையை விடுவதற்குச் சரிவராது.

"வீட்டில 'போறன்' எண்டு சொன்னாலே மனிசி ஏசுவா. 'போயிட்டு வாறன்' எண்டு போடுங்கோ."

"அது இங்கிலீசில ஏலாது, அண்ணை! சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுத் தெளியட்டும் என்று 'ஐ வில் கோ அண்ட் கம்' என அப்படியே அடித்து, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்பினேன்.

மனேஜர் பாக்கியரத்தினம் ஸேர் கடிதத்தோடு வெளியே வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கோணாமலை, எப்ப வருவீர்?"

"ரெண்டு வருசத்தில, ஸேர்."

"வாறவரின்ர பேரை ஏன் வெட்டுவான்? பத்மாசனி, சம்பளமில்லாமல் ரெண்டு வருசம் லீவு எண்டு எழுதும். பேர் பட்டியலில இருக்கட்டும்."

அவர் போன ஏழாம் மாதம், கட்டாரில் அவர் வேலைசெய்த கம்பனியை மூடிவிட்டார்கள். அடுத்த கிழமை கோணாமலை அண்ணை பயணப் பெட்டியோடு நேரே எங்கள் கந்தோருக்கு வந்தார். சுவரிலிருந்த வேலைப் பட்டியலில் விரல் வைத்து, பேர் பேராகக் கீழே இறங்கினார். ஒன்பதாவது பேரில் விரல் நின்றது.

"பேர் கிடக்கு, பிள்ளை" என்றார்.

பெட்டியை என் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு மணிக் கப்பலுக்குக் கயிறு பிடிக்கப் போய்விட்டார்.